வேலை வழிகாட்டி ஆலோசகர்களுக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையில் வேலை வழிகாட்டி ஆலோசனை தரும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எஞ்சின் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தர ஆய்வாளன். டிப்ளமோ மெக்கானிக்கல், வயது 42. இந்த வேலையை விட்டுவிட்டு ஐடிஐ பயிற்றுநராகப் போகலாமா என்ற கேள்வியோடு உங்களில் ஓரிருவர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். யார், எந்த ஏரியா என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒருவரைக் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பார்த்தவரைக்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டீர்கள்.

சொல்ல வந்தது இதுதான். போகவும் மனசு இருக்கிறது, இருக்கவும் மனசு இருக்கிறது என்று நான் சொன்னதும், எப்படியாவது சரிசெய்து அனுப்பிவிட வேண்டிய கோளாறாக அதை எடுத்துக்கொண்டீர்கள். நான் உங்களிடம் கொண்டுவந்த விஷயமே அதுதான். அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம் என்றால், மிச்சம் என்று எதுவும் இல்லை.

உங்கள் தொழில் பெரும்பாலும் பிளஸ் டூ பிள்ளைகளை வைத்து வளர்ந்தது என்பது புரிகிறது. ரிசல்ட் வரும் மே மாதத்தில் உங்கள் வரவேற்பறையில் நிற்க இடம் இருக்காது. அரசாங்கமும் அந்த வயதைத்தான் முதலில் கவனித்தது: 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம், அதே வருடம் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி. நல்ல காரியங்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் பெண்ணுக்கும் அதெல்லாம் உதவும். ஆனால் பதினாறு, பதினேழு வயதில் விட்டுவிட்டுப் போவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. எதில் சேருவது என்பது மட்டும்தான் கேள்வி. 1908இல் பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் வேலை வழிகாட்டவே ஓர் அலுவலகம் திறந்தார். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வழி. இன்றைக்கும் உங்கள் மேஜையில் இருப்பது ஏறக்குறைய அதுதான். நாற்பது தாண்டியவனிடம் அதை அப்படியே வைக்கும்போது ஒன்று விட்டுப்போகிறது. அவன் ஏற்கெனவே ஒரு வேலையாகவே ஆகிவிட்டவன். தெருவில் அவனுக்குப் பெயரே 'குவாலிட்டி சார்'தான்.

முதலில் ஒரு தேர்வு வைத்தீர்கள். மெஷினைப் பிரித்து மாட்டப் பிடிக்குமா, அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கப் பிடிக்குமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். வந்த அறிக்கை வண்ண வண்ணமாக இருந்தது. ஜான் ஹாலந்து என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வந்த ஆறு வகைகளாம். அதில் எனக்கு கன்வென்ஷனல் 82, சோஷியல் 79. விதிமுறையும் ஒழுங்கும் உள்ள வேலை முதலிடம், சொல்லிக்கொடுக்கிற மாதிரி வேலை அடுத்த இடம். "பாருங்க சார், உங்களுக்கு குவாலிட்டிதான் செட் ஆகும்" என்றீர்கள்.

நான் அளவெடுத்துப் பிழைக்கிறவன். மூன்று மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து ஒருவர் தீர்ப்பு சொன்னால் எனக்கு அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: இந்த அளவுகோலில் பிழை எவ்வளவு? எங்கள் வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் என்று மட்டும் போட்டிருக்காது. கூடக் குறைய எதுவரை ஒப்புக்கொள்ளலாம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு கேஜை, அதாவது அளக்கும் கருவியை, லைனுக்கு விடுவதற்கு முன்னால் கேஜ் ஆர் அண்ட் ஆர் என்று ஒரு சோதனை செய்வோம். அதே பீஸ்களை, அதே கேஜை வைத்து, வேறு வேறு ஆட்கள் திரும்பத் திரும்ப அளப்பார்கள். ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை வருகிற வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கேஜ் நல்லது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அதை வைத்து ஒரு பீஸைப் பாஸ் பண்ணவும் கூடாது, ரிஜெக்ட் பண்ணவும் கூடாது. உங்கள் கேஜுக்கு இந்தக் கணக்கு என்ன என்று கேட்டேன். சிரித்தீர்கள். "இது சைக்காலஜி சார், வெர்னியர் இல்ல."

சரி. ஆனால் வெர்னியர் பிடிக்கிற பொருளைவிட நழுவுகிற ஒன்றை அளக்கும்போது பிழையை இன்னும் கூடுதலாக அல்லவா சொல்ல வேண்டும்? நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்விகளுக்கு டிக் அடித்தேன். ஆயுத பூஜை லீவில் அடித்திருந்தால் 82ம் 79ம் இடம் மாறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மாறியிருக்காது என்று நீங்களும் செய்ய முடியாது. அறிக்கையைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கும்போது இது இவ்வளவு தூரம்தான் பேசும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்கவே இல்லை. குவாலிட்டியிலேயே இருங்கள், சிக்ஸ் சிக்மா என்ற தர மேம்பாட்டுப் பயிற்சி ஒன்று முடித்தால் மேனேஜர் ஆகலாம் என்றீர்கள். உடனே எனக்கு வகுப்பறை நினைப்பு வந்து, பயிற்றுநர் வேலையைப் பற்றி ஆசை ஆசையாகப் பேச ஆரம்பித்தேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கட்சி மாறினீர்கள். "இவ்வளவு ஆசை இருக்கே, அப்புறம் என்ன பயம்? துணிஞ்சு இறங்குங்க" என்றீர்கள். அடுத்த நிமிடம் நான் வீட்டுக் கடன், பெண்ணின் காலேஜ், கம்பெனி மெடிக்கிளெய்ம் என்று இருக்கிற வேலைக்கு வக்கீலாகிவிட்டேன். நீங்கள் தள்ளத் தள்ள, விட்டுப்போன பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். கடைசியில் குறிப்பில் 'மாற்றத்துக்குத் தயக்கம் அதிகம்' என்று எழுதினீர்கள்.

என் மைத்துனர் ஒருவர் குடிமீட்பு ஆலோசகராக இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது ஆச்சரியமே படவில்லை. அவர்கள் துறையில் இது பால பாடமாம். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிநோயாளிகளோடு பேசிப் பேசிக் கண்டதை 1983இல் எழுதினார், அதிலிருந்து ஓர் ஆலோசனை முறையே வளர்ந்தது என்றார். விட வேண்டும், விட முடியாது என்ற இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும், அது இயல்பு. ஆலோசகர் ஒரு பக்கத்துக்காக வாதாடினால், வந்தவர் மறுபக்கத்துக்காக வாதாடுவார். வாதாட வாதாட அந்தப் பக்கமே கெட்டிப்படும். அதனால் ஆலோசகர் வாதாடாமல் கேட்க வேண்டும். மாறுவதற்கான பேச்சு வந்தவர் வாயிலிருந்தே வர வேண்டும். மைத்துனர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு காபியைக் குடித்தார். எனக்குத்தான் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பாட்டிலை விடுவதற்கு இவ்வளவு பொறுமை காட்டும் ஒரு துறை இருக்கிறது, வேலையை விடுவதற்கு முக்கால் மணி நேரத்தில் முடிவு கேட்கிறீர்கள்.

என் இரண்டு மனசிலும் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்.

நுட்பமாக அளவெடுக்கும் எங்கள் ஸ்டாண்டர்ட் ரூம் எப்போதும் 20 டிகிரியில் இருக்கும். உலகம் முழுக்க நீள அளவுக்கு அதுதான் குறிப்பு வெப்பநிலை. அக்கினி நட்சத்திரத்தில் ஷாப் ஃப்ளோர் கொதிக்கும்போது அங்கே நான் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பேன், பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். அந்த ரூமில் நான் கையெழுத்துப் போடாமல் ஒரு லாட் வெளியே போகாது, லாரி நிற்கும். இந்த அதிகாரம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பிடிக்கும். மாதக் கடைசியில் டெஸ்பாட்ச் டார்கெட் நெருங்கும்போது அதே கையெழுத்துக்காகத்தான் என்னைச் சுற்றி வருவார்கள். "ஒரு ஐந்து மைக்ரான்தானே, பார்த்து விட்டுடுங்க சார்." அப்போது இந்த வேலையை அன்றைக்கே விட்டுவிடலாம் என்று தோன்றும். பிடித்ததும் வெறுத்ததும் வேறு வேறு இடத்தில் இல்லை, இரண்டும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.

இன்னொரு மனசு. எங்களிடம் அப்ரெண்டிஸ் பிள்ளைகள் வருவார்கள். டிஜிட்டல் காலிபரிலேயே பழகியவர்கள், பேட்டரி போனால் கையைப் பிசைவார்கள். போன வருடம் திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வெர்னியரைக் கையில் கொடுத்தேன். பொருளைக் கவ்வும் அதன் ஜா இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் அளவு குறைவாகவே வருகிறது. "அழுத்தாதே பாப்பா, தொட்டால் போதும். முதலில் மூடி வைத்து ஜீரோ சரியா இருக்கா பார். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒரே நேர்ல நிக்குதுன்னு மட்டும் தேடு" என்றேன். கொஞ்ச நேரத்தில் 18.46 என்றாள். நானும் அளந்தேன், 18.46. அவள் சிரித்த சிரிப்பில் அன்றைய ரிஜெக்ஷன் மீட்டிங் முழுக்க நான் நல்ல மூடில் இருந்தேன், மேனேஜர் சந்தேகமாகப் பார்த்தார். இது ஒரு நாள் சந்தோஷமா, பத்து வருடம் தாங்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அதை 79 என்ற எண் சொல்லாது.

பயிற்றுநர் ஆகும் வழி என்ன என்று கேட்டபோது "பி.எட். பண்ணிடுங்க சார்" என்றீர்கள். டிப்ளமோ படித்தவனுக்கு பி.எட். சீட் கிடைக்காது. ஐடிஐ பயிற்றுநருக்கென்று சிஐடிஎஸ் என்ற ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது. கிண்டியில் தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்திலேயே நடக்கிறது. அந்தப் பெயரை நான்தான் உங்களுக்கு எழுதிக் காட்டினேன். நம் மாநிலத்தில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷின், ரோபோ எல்லாம் வந்திருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் நின்று பழகிய ஆளுக்கு அங்கே என்ன இடம் என்பது கேட்க வேண்டிய கேள்வி. டேட்டா அனலிடிக்ஸ் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, கிண்டியைப் பற்றித் தெரியவில்லை. சென்னையிலேயே உட்கார்ந்துகொண்டு கிண்டியைத் தெரியாமல் இருக்கலாமா? மெட்ரோவிலேயே போய்விடலாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" எதிர்பார்ப்பு இருக்கட்டும், விட்டுப்போகும்போது என்ன கிடைக்கும், என்ன நிற்கும் என்பதை எடுத்து வைத்துப் பேசினால் பாதி பயம் அங்கேயே ஒரு தொகையாகிவிடும். ஐந்து வருடம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு. வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. பிஎஃப்பில் பத்து வருடச் சேவை சேர்ந்துவிட்டால் 58 வயதில் பென்ஷன் உண்டு, நடுவில் வேலையை விட்டாலும் அந்த உரிமை போகாது. ஆனால் கம்பெனியின் குரூப் மெடிக்கிளெய்ம் வேலையோடு சேர்ந்து போய்விடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. பயிற்சி எடுக்கும் ஒரு வருடம் சம்பளம் இல்லை. அதற்கு அப்புறம் தனியார் ஐடிஐயில் கிடைப்பது, நான் விசாரித்தவரையில், இப்போது வாங்குவதில் பாதிகூடத் தேறாது. இத்தனையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. பயம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு பங்குதான் பணம். மற்றது அந்த 20 டிகிரி ரூமை விட்டுப்போகும் வருத்தம். பயத்துக்குக் கணக்குப் போடலாம். வருத்தத்தைக் கேட்க ஆள் வேண்டும்.

அப்புறம், என் மனைவியை வரவேற்பறையில் உட்காரச் சொன்னீர்கள். தனிமை, ரகசியம் என்றெல்லாம் காரணம் இருக்கும், புரிகிறது. பிளஸ் டூ பையனோடு வந்து, கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவனுக்குப் பதிலாகத் தானே பதில் சொல்லும் அப்பாக்களைத் தாராளமாக வெளியே உட்கார வையுங்கள், புண்ணியமாகப் போகும். எங்கள் வீட்டில் கடன் தவணையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போகிறது. அவள் உள்ளே வந்திருந்தால், பட்டாபிராம் ட்ரெயினில் திரும்பும்போது என்னிடம் சொன்னதை உங்களிடமே சொல்லியிருப்பாள்: "போறதுன்னா போங்க. சமாளிச்சுக்கலாம். ஆனா போனதுக்கு அப்புறம் மாசா மாசம் என் மூஞ்சியைப் பார்த்துப் பெருமூச்சு விடக் கூடாது. இருக்கறதுன்னாலும் அதேதான்." உங்கள் முழு அறிக்கையிலும் இவ்வளவு உபயோகமான ஒரு வரி இல்லை.

இருக்கிற வேலை என்னவோ கெட்டித் தரை மாதிரியும், போகிற இடம்தான் ஆபத்து என்பது மாதிரியும் பேசுகிறீர்கள். நான் அளக்கும் 'பிஸ்டன் பின்', 'வால்வு கைடு' போன்ற எஞ்சின் பாகங்கள் எலக்ட்ரிக் வண்டியில் கிடையவே கிடையாது. நான் கண்ணால் பார்ப்பதைக் கேமரா பார்க்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1996இல் பெரம்பூரில் பின்னி மில் மூடியது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை நின்றது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே இருந்தவர்களிடம் போகலாமா இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. அதை நினைத்தால் தயங்குவதே கொழுப்பு என்றுகூடத் தோன்றும். அப்படித் தோன்றுவதும் அந்த இரண்டு மனசுக் கணக்கில்தான் வருகிறது.

சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, குரூப் 4 எழுது என்பார்கள். கால் காசு என்றாலும் கவர்மெண்ட் காசு. 2024இல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், இளைஞர்களுக்கு நல்ல உதவி. என் கேள்வி அதுவல்ல என்பதால் அதை விடுகிறேன். ஆனால் அந்த அலுவலகங்களிலேயே வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை யோசிப்பவர்களுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் என்ன என்று அந்தத் துறையினரும் யோசிக்கலாம். இந்த மடல் அவர்கள் கண்ணில் பட்டால் சரி.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வந்துபோன மறுவாரமே எனக்கு வாட்ஸ்அப்பில் கோர்ஸ் விளம்பரம் வர ஆரம்பித்தது. ஈஎம்ஐ வசதி உண்டாம், 'உங்கள் ஆலோசகர் பரிந்துரையின் பேரில்' என்று வேறு போட்டிருந்தது. டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. வேலை ஆலோசகர் என்று போர்டு மாட்ட அப்படி ஓர் உரிமம் கட்டாயமில்லை. அதனால் உங்களில் ஒழுங்காக நடப்பவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவது நல்லது: எந்தப் பயிற்சி நிலையத்திலிருந்தாவது கமிஷன் வாங்குகிறீர்களா, இல்லையா? கட்டணச் சீட்டிலேயே ஒரு வரி அச்சடித்துவிடலாம். அந்த வரி இருக்கும் இடத்துக்கு நான் பத்துப் பேரை அனுப்புவேன்.

முடிவைச் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. தயக்கம் அதிகம் என்று குறிப்பு எழுதும் நேரத்தில், ஒரு ஐடிஐ பயிற்றுநரோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கலாம். நானே கேட்டுப் பார்த்ததில் எங்கள் பக்கத்து ஐடிஐ முதல்வர் மறுக்கவில்லை, அடுத்த வாரம் வந்து இரண்டு மணி நேரம் மைக்ரோமீட்டர் பாடம் எடுங்கள் என்றிருக்கிறார். லீவு போட்டிருக்கிறேன். இப்படி ஒரு பத்து முதல்வர்கள், பத்துப் பட்டறைகள், பத்து ஆஸ்பத்திரி லேப்கள் உங்கள் தொடர்பில் இருந்தால், உங்கள் கட்டணம் அதிகம் என்று யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். பாடம் எடுத்துவிட்டு வந்தும் எனக்கு இரண்டு மனசுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது மறுபடி உங்களில் ஒருவரிடம் வருவேன்.

அதுவரை, வருகிற சனிக்கிழமை காலை உங்கள் எதிரே ஒரு பேங்க் கிளார்க்கோ நர்ஸோ டெஸ்டிங் இன்ஜினீயரோ வந்து உட்கார்ந்து "ஒண்ணும் புரியல சார்" என்று சொன்னால், எதுக்குப் போகணும் என்பதற்கு முன்னால் எதை விட்டுப்போக மனசு வரல என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
தர ஆய்வாளன் ஒருவன்,
அம்பத்தூர்.